பத்திரத்தில் வந்த மூன்றெழுத்துப் பெண்கள்

பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறவளுக்கு எதிரிகள் மூன்று பேர்: கரையான், அந்தக் காலத்து எழுத்தரின் கையெழுத்து, பத்திரத்தைக் கொண்டுவருகிறவரின் அவசரம். வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இந்த மூன்று பேரோடும் இருபது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அரசாங்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், இந்த மூன்று பேரையும் ஒரு கை பார்த்துவிடலாம். நான் தடுக்கி விழுந்தது ஒரு சொல்லிடம்.

பிரெஞ்சில் அது ‘வேவ்’. தமிழில் விதவை. இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டினால் எங்கேயாவது ஒரு மூலையில் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து வியந்திருக்கிறேன், பயந்திருக்கிறேன், கடைசியில் ஒளித்தும் வைத்தேன். ஒளித்து வைத்த குற்றத்துக்குக் கரிக்கலாம்பாக்கத்தில் ஓர் அம்மாவின் நிலமே கைவிட்டுப் போக இருந்தது. அந்தக் கதைக்கு வருவதற்குள், அந்தச் சொல்லோடு நான் பழகிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று இனிஷியல்

தொழிலுக்கு வந்த புதிது. உறுவையாற்றிலிருந்து ஏழுமலை என்று ஒரு விவசாயி, தன் அத்தை பெயரில் இருந்த நன்செய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை பெயர் அஞ்சலை. அதற்கு முன்னால் வி, வி, இ என்று மூன்று எழுத்து இருந்தது. கல்லூரியில் பிரெஞ்சில் நான்தான் முதல் மாணவி. ஆனால் பாடப்புத்தகத்தில் யாரும் எதையும் சுருக்கி எழுதுவதில்லையே. நம் ஊரில் பெயருக்கு முன்னால் எழுத்து வந்தால் அது இனிஷியலாகத்தானே இருக்க வேண்டும்? ‘வி.வி.இ. அஞ்சலை’ என்று அழகாகத் தட்டச்சு செய்து, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டேன்.

ஏழுமலை எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். அத்தையின் அப்பா பெயர் மண்ணாங்கட்டி என்றும், புருஷன் பெயர் ராமலிங்கம் என்றும், அந்த எழுத்துகளில் தொடங்குகிற பெயர் வம்சத்திலேயே கிடையாது என்றும் பொறுமையாக எனக்கு விளக்கினார். பிறகு கேட்டார்: “எங்க அத்தைக்கு இன்னாத்துக்கும்மா மூணு இனிஷியலு? கலெக்டருக்கே ஒண்ணுதான இருக்குது?”

ஐரோப்பா முழுக்கச் சொந்தக்காரர்கள்

அந்த மூன்றெழுத்து ‘வேவ்’ என்பதன் சுருக்கம் என்று தெரிந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ரோஷத்தில், இந்தச் சொல்லை வேர்வரை தோண்டிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். தோண்டத் தோண்டச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லத்தீனில் விதுவா. இத்தாலியில் வேதொவா, ஸ்பெயினில் வியூதா, ஜெர்மனியில் வித்வெ, ருஷ்யாவில் வ்தவா, இங்கிலாந்தில் விடோ. நம் விதவை வடமொழி விதவாவிலிருந்து வந்தவள், அவளும் இதே வீட்டுப் பெண்தான். ‘தவன்’ என்றால் கணவன், அவன் இல்லாதவள் விதவை என்று நம் பண்டிதர்கள் பிரித்துச் சொல்வார்கள். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கதை தலைகீழ் என்கிறார்கள். முதலில் இருந்தது விதவைதானாம், அவளை உடைத்துத்தான் கணவனுக்கு அந்தப் பெயரை எடுத்தார்களாம்.

வேரின் பொருள், பிரிந்து நிற்பது. லத்தீன்காரர்கள் கொடி ஏறாத மரத்தைக்கூட இந்தச் சொல்லால்தான் குறித்திருக்கிறார்கள். வெறுமை, காலி என்றும் அவர்களிடம் பொருள் உண்டு. எத்தனை ராஜ்ஜியங்கள் அடையாளம் தெரியாமல் போய்விட்டன, இந்தப் பெண்பிள்ளை மட்டும் அத்தனை தேசத்திலும் முகம் மாறாமல் நிற்கிறாளே என்று எனக்கு ஒரே பிரமிப்பு. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

பக்கத்தில் தையல் கடை பிலோமினாவிடம் போய்க் கொட்டினேன். ‘காலி’ என்று சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவள் கணவர் போய் எட்டு வருடம். மூன்று பெண்களை ஒற்றைத் தையல் மெஷினில் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. “காலியாமா? விடியக்காலம் எழுந்தா படுக்கிற வரைக்கும் ஓடிகினே இருக்கேன், எனக்குக் காலின்னு ஒரு அஞ்சு நிமிஷம் எங்க இருக்குதுன்னு உன் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு.”

மங்கள காரியம்

பாகூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைக்க வேண்டும். அப்பா பிரான்சில் வேலை பார்த்து அங்கேயே இறந்தவர், அவர் சாவு சம்பந்தமான காகிதங்களைத் தமிழாக்க வேண்டும். நான் செய்து கொடுத்ததைப் பெண்ணின் தாய்மாமன் வாங்கிப் பார்த்தார். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘விதவை’ என்று இருந்ததும் அவர் முகம் சுருங்கியது.

அந்த அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். காகிதம் இருந்த பையில் மஞ்சள் தடவி நாலு மூலையிலும் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்தப் பையை மகள் கையில் கொடுத்துவிட்டு, தான் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது ஓர் அடைமொழி. எங்கள் பக்கத்தில் ஒருத்தி முகத்துக்கு நேரே இந்தச் சொல்லைச் சொன்னால் அது வசவு. அன்றே ஒரு முடிவு எடுத்தேன். இனி ‘இன்னாரின் விதவை’ என்று இருந்தால் ‘இன்னாரின் மனைவி’ என்றே எழுதுவது. மனைவிதானே, பொய் இல்லையே. திருத்திக் கொடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு மாமன் சொன்னார்: “நல்ல காரியத்துக்குப் போற காயிதம்மா, அதுல நாலு நல்ல வார்த்த இருந்தா இன்னா கொறஞ்சிடும்?”

கல்யாணம் பண்ணவில்லை என்று கையெழுத்து

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் பக்கம் இன்னும் சிலர் உண்டு. அவர்கள் காலமானால் மனைவிக்கு ஓய்வூதியம் வரும். ஆனால் அந்த மனைவி இரண்டு விஷயத்துக்கு உறுதிமொழி தர வேண்டும். ஒன்று, தான் உயிரோடு இருப்பது. இரண்டு, மறுமணம் செய்துகொள்ளாதது. முதலாவதை நேரில் வந்து நின்றே நிரூபித்துவிடலாம். இரண்டாவதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில்.

லூர்து என்று ஓர் அம்மா வருவார். எழுபத்தாறு வயது. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே கையெழுத்துப் போடுவார். பெருவிரலை மை தடவி நீட்டியதே இல்லை. புருஷன் பட்டாளத்தில் இருந்தபோது கடிதம் எழுதுவதற்காகவே எழுத்துப் படித்துக்கொண்டவர். எனக்கு அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும். முதல் தடவை அந்த இரண்டாவது வரியை நான் கூச்சத்தோடு படித்துக் காட்டியபோது, பேனா மூடியைத் திறந்தபடியே கேட்டார்: “எனக்கு மாப்ள பாத்து வெச்சிருக்கானுங்களான்னு கேளு. பையன் நல்ல பையனா இருந்தா யோசிக்கலாம்.”

ஆண்களுக்கு ஒட்டுப்போட்ட சொல்

மனைவியை இழந்த ஒருவர், ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர், படிவம் நிரப்ப வந்தார். திருமண நிலை என்ற கட்டத்தில் தன்னை எப்படிக் குறிப்பது என்று கேட்டார். பிரெஞ்சில் ‘வேஃப்’ என்று எழுதிக் கொடுத்தேன். தமிழில் என்ன என்றார். மனைவியை இழந்தவன் என்று விளக்கிச் சொல்லலாம். பழைய இலக்கணத்தில் ‘தபுதாரன்’ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதை எழுதினால் தாசில்தார் ஆபீசில் யாரையோ ஜாமீன்தாரனாகக் கூட்டிவந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அப்போது அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன். மொழிகளில் பெரும்பாலும் ஆணுக்குத்தான் முதலில் சொல் இருக்கும், அதோடு எதையாவது ஒட்டிப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். இந்த ஒரு சொல்லில் மட்டும் ஐரோப்பாவே தலைகீழாக நிற்கிறது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பெண்ணுடைய சொல்லின் பின்னால் ஒரு வாலை ஒட்டித்தான் ஆணுடையது செய்தார்கள். பிரெஞ்சிலும் பெண்ணுடையதைப் பார்த்துத்தான் ஆணுடையதைத் தைத்தார்கள். மனைவி இல்லாத ஆணுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று ஆதியில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: “நாப்பத்தோரு வருஷம் அவ பின்னாடி ஒட்டிகினுதாம்மா ஓடியாந்தேன். இதுலயும் அப்டியே இருக்கட்டும், எய்து.”

தனியாக நின்ற வரி

ஜெராக்ஸ் கடையில் கணினியில் தட்டச்சு செய்பவள் விஜயா. பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவி, தலைப்பகுதியில் ஒண்டியாக நின்றுவிட்டால் அச்சுக்காரர்கள் அந்த வரிக்கும் விடோ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சிலும் அதுவே. பிரான்சில் சிறைக்கைதிகள் தலைவெட்டும் எந்திரத்துக்குக்கூட இந்தப் பெயரைச் சூட்டியிருந்தார்கள் என்று சொன்னேன். விஜயா அப்படி நின்ற ஒரு வரியைத் திரையில் உற்றுப் பார்த்தாள். பெரிய எழுத்தாக்கி, சிறிய எழுத்தாக்கி, மேலே தள்ளிப் பார்த்தாள். போகவில்லை. “இருக்கட்டும்கா. அது பாட்டுக்கு நிக்கிது, அதுக்கு ஒண்ணும் கொறையில்ல, நமக்குத்தான் கண்ண உறுத்துது.”

கரிக்கலாம்பாக்கத்து முக்கால் காணி

செந்தாமரை அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். கரிக்கலாம்பாக்கத்தில் முக்கால் காணி நன்செய். சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டுக் கலர்க் கொடி கட்டிவிட்டார்கள். நடுவில் இவர் வயலில் மட்டும் நெல் நிற்கிறது. அவரே இறங்கி நாற்று நடுகிறார். அவருடைய அம்மா பாக்கியம், பிரெஞ்சுக்காரர் இருந்த கடைசிக் காலத்தில் வாங்கிய நிலம். அந்தப் பத்திரத்தை அவருக்கு நான்தான் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன்.

ஒரு வருடம் கழித்துத் திரும்ப வந்தார். அவருடைய சித்தப்பா மகன் தனபால், நிலத்தில் பங்கு கேட்கிறாராம். பெரியப்பா, அதாவது செந்தாமரை அம்மாவின் அப்பா குப்புசாமி, உயிரோடு இருந்தபோது, அண்ணன் தம்பி சேர்ந்து உழைத்த கூட்டு வருமானத்தில், மனைவி பெயரில் வாங்கிப் போட்டது அந்த நிலம், ஆகவே பாதி எங்களுக்கு என்பது தனபாலின் பேச்சு. வாங்கியபோது அப்பா இல்லை, அம்மா ஒண்டியாகத்தான் வாங்கினாள் என்பது செந்தாமரை அம்மாவின் பேச்சு. ஆனால் அப்போது அவர் கைக்குழந்தை, அப்பா இறந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. தனபால் கையில் மட்டும் ஆதாரம் இருந்தது. ஊர்க் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அதைப் படித்தும் காட்டிவிட்டார். ‘குப்புசாமியின் மனைவி பாக்கியம்’. என் முத்திரை, என் கையெழுத்து. செந்தாமரை அம்மாவிடம் முன்பு வாங்கி ஜெராக்ஸ் எடுத்துவைத்திருந்த நகல்.

மூலப் பத்திரத்தை மேசைமேல் விரித்தேன். பாக்கியம் என்ற பெயருக்குப் பக்கத்தில், மங்கிய மையில், அந்த மூன்றெழுத்து. அறுபது எழுபது வருடமாகக் கரையானுக்கும் மழைக்கும் தப்பி நின்ற ஒரே சாட்சி அது. அதை நான் மரியாதை என்ற பெயரில் அழித்திருந்தேன். செந்தாமரை அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். “இன்னாம்மா, தப்பு எதனா பண்ட்டியா?”

புருஷன் கையெழுத்து எங்கே

பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். புதிதாகத் தமிழாக்கம் எழுதி, முன்னால் கொடுத்தது என் பிழை என்று அடியில் ஒப்புதலும் எழுதிக் கையெழுத்திட்டேன். அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அடுத்த முறை ஊர்க் கூடத்தில் உட்கார்ந்தபோது நானும் போனேன்.

தனபால் கெட்டவர் அல்ல. நியாயமாகத்தான் கேட்டார். போன வருடம் மனைவி என்று எழுதிய அதே கை இந்த வருடம் விதவை என்று எழுதினால், எதை மேடம் நாங்கள் நம்புவது? நான் உண்மையைச் சொன்னேன். அந்தச் சொல்லை எழுதக் கூச்சமாக இருந்தது, அதனால் பல வருடமாக மாற்றி எழுதிவந்தேன் என்றேன். இருபது வருடத் தொழிலில் சேர்த்த பெயர் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

தனபால் தன் பக்கத்துக்கு ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார். நொத்தேர் என்று நாங்கள் சொல்லும், பத்திரம் பதிகிற பிரெஞ்சு அதிகாரியிடம் இளம் வயதில் எழுத்தராக இருந்தவர். தன் பக்கத்து ஆளாயிற்றே என்று அவர் வளைந்து கொடுக்கவில்லை. மூலப் பத்திரத்தை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூன்றெழுத்தின் மேல் வெகுநேரம் நின்றார். பிறகு பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்குப் போனார். அங்கே பாக்கியத்தின் ரேகை மட்டும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே தனபாலைப் பார்த்துச் சொன்னார்: “வேவ்னுதான்பா எய்தியிருக்குது. புருஷன் இருந்திருந்தா எங்க நொத்தேர் அவர உக்கார வெச்சி ஒரு கையெழுத்து வாங்காம வுட்டிருக்க மாட்டாரு. இந்தம்மா ஒண்டியாத்தான் வந்து வாங்கியிருக்குது.”

கூச்சம்

தனபால் என் பழைய காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அதன்பிறகு பங்கு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வெளியே வந்ததும் செந்தாமரை அம்மா என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரப்பில் நின்று, நிலம் வாங்கிய கதையைச் சொன்னார். புருஷன் போனதும் பாக்கியத்தின் கழுத்தில் இருந்த தாலியைக் கழற்றியிருக்கிறார்கள். பொட்டுத் தங்கம். அதை விற்று, நடவுக் கூலியில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்துத்தான் இந்த முக்கால் காணி. கைக்குழந்தையை வரப்பில் துணி விரித்துக் கிடத்திவிட்டு, தன் நிலத்தில் தானே முதல் நாற்றை நட்டாளாம். கொடி ஏறாத மரம் என்று லத்தீனில் படித்ததெல்லாம் எனக்கு அப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது. இப்படி ஒரு பெண்ணைக் காகிதத்தில் நான் சுமங்கலி ஆக்கி, அவள் வாங்கிய நிலத்தைப் புருஷன் வாங்கியதாகச் செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. களை ஒன்றைக் குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னார்: “நீ நல்ல மனசுலதாம்மா மறச்ச. ஆனா நீ கூச்சப்பட்டு மறச்ச அந்த வார்த்தைலதான் எங்கம்மா நெலமே இருக்குது.”

ஆக, பல வருடமாக என் பேனா முனையால் செத்துப்போன புருஷன்மார்களை எல்லாம் எழுப்பி உட்காரவைத்திருக்கிறேன், அவர்களில் ஒருத்தரையாவது எழுப்பித் தரும்படி எந்தப் பெண்ணும் என்னைக் கேட்டதில்லை என்பதுதான் இப்போது யோசித்தால் தெரிகிறது.